முயல் சொன்னதும் எலி சொல்லாததும்: கொலஸ்டிரால் மருந்து ஆய்வுகள் குறித்துச் சில குறிப்புகள்

1

நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த இயலாமையிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

நண்பருக்கு மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினம் இரவு கொலஸ்டிரால் மாத்திரை ஒன்று. சென்ற வருடம் அதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "முயல் புல் தின்கிற பிராணிப்பா. அதுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி ரத்தக்குழாய் அடைச்சுதுன்னு சொன்னான் ஒருத்தன். அதை வச்சுத்தான் நூறு வருஷமா மருந்து வியாபாரம் நடக்குது. புல் தின்கிறதுக்கு முட்டையைக் கொடுத்தா வியாதி வராம என்ன செய்யும்?" என்றார். நான் ஏதோ சொல்ல முயன்றேன். "விஞ்ஞானம்கிறது அதிகாரத்தோட சொல்லாடல்னு நீயே எழுதினதுதானே" என்று சிரித்தார்.

எழுதியதுதான். மருத்துவம் உடலைத் தன் பார்வைக்கான பொருளாக மாற்றுகிறது, 'இயல்பு', 'நோய்' என்ற எல்லைக்கோடுகளை அதிகாரமே வரைகிறது என்றெல்லாம் எழுதிய தலைமுறைதான் எங்களுடையது. அதில் இன்றும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாக்கியங்களின் துணையோடு ஒருவர் தன் மாத்திரையை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது, வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. முயலிடம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. எனக்கும் மருத்துவர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2

நண்பர் குறிப்பிடும் முயல் ரஷ்ய முயல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1908. விலங்குப் புரதம் மிகுந்தால் முதுமை விரைவில் வரும் என்பது மெட்ச்னிகாஃபின் கருத்து. இதைச் சோதிக்க இக்னடோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்தார். முயல்களின் பெருந்தமனியில் தடிப்புகள் தோன்றின. புரதம்தான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்து ஸ்டக்கி என்பவர் உணவுகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். முட்டையின் மஞ்சள் கரு மட்டுமே அந்த விளைவைத் தந்தது. 1913இல் அனிச்கோவும் கலாடோவும் சுத்தமான கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஊட்டினார்கள். அதே தடிப்புகள். எண்ணெய் மட்டும் கொடுத்த முயல்களில் ஒன்றுமில்லை. ஆக, குற்றவாளி புரதமல்ல, கொலஸ்டிரால் என்றாயிற்று.

நண்பரின் ஆட்சேபம் புதியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றே எழுந்த ஆட்சேபம்தான். எலிக்கும் நாய்க்கும் கொலஸ்டிரால் ஊட்டிப் பார்த்தவர்களுக்குத் தடிப்பு எதுவும் கிடைக்கவில்லை. அப்படின்னா இது முயலின் விசேஷம், மனிதனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அனிச்கோவின் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதாவது 'விஞ்ஞானம்' முயலை உடனே நம்பிவிடவில்லை. நண்பரைப் போலவே அதுவும் சந்தேகப்பட்டது.

சந்தேகம் எங்கே தீர்ந்தது? எலியும் நாயும் ஏன் தப்பின என்று பார்த்தபோது, கொலஸ்டிராலை எவ்வளவு ஊட்டினாலும் அவற்றின் இரத்தத்தில் அது அதிகம் ஏறவில்லை என்று தெரிந்தது. அவற்றின் கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. தாவர உணவில் கொலஸ்டிரால் கிடையாது என்பதால் முயலுக்கு அதைச் சமாளிக்கும் திறன் குறைவு. முயலின் இரத்தத்தில் அது பலமடங்கு ஏறியது. 1946இல் ஸ்டைனரும் கெண்டலும் நாய்களின் தைராய்டு சுரப்பை மருந்தால் அடக்கிவிட்டுக் கொலஸ்டிரால் ஊட்டினார்கள். இப்போது நாயின் இரத்தத்திலும் அது ஏறியது. தமனியிலும் தடிப்பு வந்தது. 'நாய்க்கு வராது' என்றிருந்தது, 'நாயின் இரத்தத்தில் ஏறாதவரை வராது' என்று திருத்தப்பட்டது.

இங்கே இரண்டு கூற்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கொலஸ்டிராலைத் தின்றால் நோய் வரும்' என்பது ஒன்று. 'இரத்தத்தில் கொலஸ்டிரால் நீண்டகாலம் மிகுந்திருந்தால் தமனியில் நோய் வரும்' என்பது மற்றொன்று. முயல் முதல் கூற்றுக்கு மோசமான சாட்சி. புல் தின்கிற பிராணி என்ற வாதம் அங்கே செல்லும். மனிதரில் முட்டை தின்பதால் இரத்தக் கொலஸ்டிரால் கூடுவது ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாகக் குறைவுதான். ஆனால் இரண்டாவது கூற்றை இந்த வாதம் தொடுவதே இல்லை.

தொட முடியாது என்பதைக் காட்டியதும் ஒரு முயல்தான். ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் யோஷியோ வதனபே 1973இல் ஒரு விசித்திரமான முயலைக் கவனித்தார். சாதாரணத் தீவனம் தின்று வந்த அதன் இரத்தத்தில் கொலஸ்டிரால் மிக அதிகம். அதிலிருந்து அவர் ஒரு வம்சத்தையே வளர்த்தெடுத்தார். முட்டையில்லை, நெய்யில்லை, தழையும் தீவனமும் மட்டுமே. ஆனாலும் அந்த முயல்களின் தமனிகள் தாமாகவே தடித்தன. காரணம் பரம்பரைக் குறை. எல்.டி.எல். என்னும் கொலஸ்டிரால் துகளை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கிற 'ஏற்பி' அவற்றின் செல்களில் சரியாக இல்லை. இதே குறை மனிதரிலும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைகளுக்குப் பத்துப் பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரலாம். அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

3

இனி மருந்துக்கு வருவோம். முயல் பேசியதால் வந்த குழப்பம் ஒரு வகை. எலி பேசாததால் வந்த குழப்பம் இன்னொரு வகை.

நம் உடம்பிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி நாம் தின்றதல்ல, உடம்பே தயாரித்தது. அந்தத் தயாரிப்பில் ஒரு நொதி முக்கியமான வாசலாக இருக்கிறது. அதை அடைத்தால் கல்லீரல் செல் தனக்கு வேண்டிய கொலஸ்டிராலுக்காகத் தன் மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அளவு குறையும். ஸ்டாட்டின் மருந்துகள் வேலை செய்கிற விதம் இதுதான்.

டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ, பூஞ்சைகளில் ஏதாவதொன்று இந்த நொதியைத் தடுக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் என்று 1971இல் தேடத் தொடங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைப் பார்த்தபின் 1973இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 'காம்பாக்டின்' கிடைத்தது. சோதனைக் குழாயில் அது பிரமாதமாக வேலை செய்தது. எலிக்குக் கொடுத்தார்கள். எலியின் கொலஸ்டிரால் குறையவே இல்லை.

மருந்தாய்வின் வழக்கப்படி கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எலியில் வேலை செய்யாத மருந்து மனிதரிடம் போவதில்லை. எண்டோ விடவில்லை. 1976இல் ஆய்வுக்கூடத்துக்கு அருகிலிருந்த ஒரு மதுக்கடையில், கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த கிடானோ என்ற சக ஊழியரைச் சந்தித்துப் பேசுகிறார். முட்டையிடும் கோழி மஞ்சள் கருவுக்காகக் கொலஸ்டிராலைத் தயாரித்துக்கொண்டே இருக்கிற பிராணி. அந்தக் கோழிகளின் தீவனத்தில் காம்பாக்டினைக் கலந்து ஒரு மாதம் கொடுத்தார்கள். இரத்தக் கொலஸ்டிரால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடுத்து நாய், பிறகு குரங்கு. எல்லாவற்றிலும் குறைந்தது. எலியில் மட்டும் ஏன் இல்லை என்பது பின்னால் புரிந்தது. மருந்து வாசலை அடைத்ததும் எலியின் கல்லீரல் அதே நொதியைப் பலமடங்கு உற்பத்தி செய்து ஈடுகட்டிவிடுகிறது. தவிரவும் எலியின் இரத்தத்தில் எல்.டி.எல். மிகக் குறைவு. இல்லாததை எப்படிக் குறைப்பது?

இத்துடனும் முடியவில்லை. 1977இல் மிக அதிக அளவு மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரல் செல்களில் படிகம் போல ஏதோ தெரிந்தது என்றார்கள். வேலை நின்றது. 1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ கடுமையான பரம்பரைக் குறையுள்ள நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, கொலஸ்டிரால் 30 சதவீதம் அளவுக்குக் குறைவதைக் காட்டினார். வேலை மீண்டும் தொடங்கியது. 1980இல் நீண்டகாலம் மருந்து கொடுக்கப்பட்ட நாய்களின் குடலில் புற்று போன்ற மாற்றம் தெரிகிறது என்று நிறுவனம் காம்பாக்டினை ஒரேயடியாகக் கைவிட்டது. அந்த நாய்களுக்குத் தரப்பட்டது நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 100, 200 மில்லிகிராம். நோயாளிகளுக்கான அளவைவிடப் பன்மடங்கு. அது புற்றே அல்ல என்று எண்டோ கடைசிவரை வாதிட்டார். காம்பாக்டின் சந்தைக்கு வரவேயில்லை.

அந்தச் செய்தி பசிபிக்கைத் தாண்டியதும் அமெரிக்காவில் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்திருந்த லோவாஸ்டாட்டின் சோதனையையும் நிறுத்திவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1981இல், பிரவுன், கோல்ட்ஸ்டைன் குழுவினர் இந்த வகை மருந்து நாயின் கல்லீரலில் ஏற்பிகளைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். ஓரிடத்தில் மருந்தைக் கொன்ற நாய், இன்னோரிடத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியது. மெர்க் தன் நாய்ச் சோதனைகளில் புற்று எதையும் காணவில்லை. 1987இல் லோவாஸ்டாட்டின் அனுமதி பெற்றது.

இந்த வரலாற்றில் அதிகாரம் இல்லையா? இருக்கிறது. எந்த விலங்கின் சாட்சியம் எப்போது கேட்கப்படுகிறது, யார் நிறுத்தச் சொல்கிறார்கள், எந்த நிறுவனம் காத்திருக்க முடியும் என்பதெல்லாம் அதிகாரமும் பணமும் சார்ந்தவைதான். ஆனால் கோழியின் கொலஸ்டிரால் பாதியாகக் குறைந்ததை எந்த அதிகாரமும் குறைக்கவில்லை. எலியின் கொலஸ்டிரால் குறைய வேண்டும் என்று நிறுவனம் மொத்தமும் விரும்பியிருக்கும். எலி கேட்கவில்லை. சொல்லாடலுக்கு வெளியே இப்படிப் பிடிவாதமாக நிற்கிற ஏதோ ஒன்றுக்கு எங்கள் பழைய கட்டுரைகளில் நாங்கள் இடம் வைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

4

முயல் சொன்னதை அப்படியே நம்பியவர்களின் கதையையும் சொல்லாமல் விட்டால் நண்பருக்கு நியாயம் செய்ததாகாது.

புரோபுகால் என்றொரு மருந்து. கொலஸ்டிராலைச் சுமாராகக் குறைக்கும், கூடவே எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கும். 1987இல் கியோட்டோவைச் சேர்ந்த கிடா குழுவினர் வதனபே முயல்களுக்கு இதை ஆறு மாதம் கொடுத்தார்கள். மருந்தில்லாத முயல்களின் மார்புப் பெருந்தமனியில் 54 சதவீதப் பரப்பைப் படிவு மூடியிருந்தது. மருந்துண்டவற்றில் 7 சதவீதம். அதே வருடம் கலிபோர்னியாவில் ஸ்டைன்பெர்க் குழுவினர் இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு லோவாஸ்டாட்டின் கொடுத்து இரு கூட்டத்தின் கொலஸ்டிரால் அளவையும் சமமாக்கியபின்னும் புரோபுகால் முயல்களில்தான் படிவு குறைவாக வளர்ந்தது. ஆக, கொலஸ்டிராலின் அளவு மட்டுமல்ல, அது 'துருப்பிடிப்பதும்' காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. அழகான கருத்து. 1994இல் ஸ்வீடனில் முந்நூறு பேருக்கு மூன்று வருடம் புரோபுகால் கொடுத்துத் தொடைத் தமனியைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை.

இன்னொன்று. எச்.டி.எல். என்னும் 'நல்ல' கொலஸ்டிராலைக் கூட்டுகிற ஒரு ஜப்பானிய மருந்து, 2000ஆம் ஆண்டு அறிக்கையின்படி முயலின் தமனிப் படிவை 70 சதவீதம் குறைத்தது. அதே மருந்து டால்செட்ராபிப் என்ற பெயரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பயனில்லை என்று 2012இல் நிறுத்தப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த டார்செட்ராபிப்பில் மருந்து சாப்பிட்டவர்கள் கூடுதலாக இறந்ததால் 2006இலேயே சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? ஒரு காரணம் 'ஆரம்பநிலை' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. விலங்குச் சோதனை சில வாரங்களில், மாதங்களில் முடிகிறது. தமனிச் சுவருக்குள் எல்.டி.எல். புகுகிறது, அதை விழுங்க வந்த வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி நுரை போலாகின்றன, மஞ்சள் கீற்று ஒன்று தெரிகிறது. முயலில் பெரும்பாலும் அளக்கப்படுவது இந்தக் கீற்றைத்தான். மனிதரிலும் தொடக்கம் இதுவே. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் ஓர் அறிக்கை வந்தது. சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. ஆனால் மருத்துவரிடம் வருகிறவருக்கு வயது அறுபது. அவர் தமனியில் இருப்பது நாற்பது வருடப் படிவு. சுண்ணாம்பேறி, நாரேறி, சில இடங்களில் மெலிந்து வெடிக்கக் காத்திருப்பது. படிவு வெடித்து, மேலே இரத்தம் உறைந்து அடைப்பதுதான் மாரடைப்பு. முயலுக்கும் எலிக்கும் இது அரிதாகவே நேர்கிறது. 1992இல் மரபணு நீக்கி உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் இன்று உலகெங்கும் இந்த ஆய்வுக்குப் பயன்படுகின்றன. அவற்றிலும் படிவு பெருந்தமனியின் அடியில் வருகிறது, மனிதரைக் கொல்கிற இதயத் தமனியில் அரிதாகவே வருகிறது. ஸ்டாட்டின் கொடுத்தாலும் பல சோதனைகளில் அவற்றின் கொலஸ்டிரால் குறைவதில்லை. ஆக, முயல் ஒரு நாவலின் முதல் அத்தியாயம் மட்டுமே. அதை வைத்து முடிவைச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள்.

5

நண்பர் மாத்திரைக்குப் பதில் இப்போது எடுத்துக்கொள்வது குக்குலு. 'நம்ம வைத்தியம், யாரும் முயலை அறுத்துக் கண்டுபிடிச்சதில்லை' என்பது அவர் வாதம். துரதிருஷ்டவசமாக அங்கேயும் முயல்தான் இருக்கிறது.

சுஸ்ருத சம்ஹிதையில் உடல் பருமனுக்குச் சொல்லப்பட்ட குக்குலுப் பிசினை 1966இல் ஜி.வி. சத்யவதி காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பழைய நூல் வருணிக்கும் நோய்க்கும் நவீன மருத்துவத்தின் தமனித் தடிப்புக்கும் ஒப்புமை கண்டது அவருடைய கூர்மை. நிரூபிக்க அவர் சென்ற இடம்? கொலஸ்டிரால் ஏற்றப்பட்ட முயல்கள். முயல்களில் குறைந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் அதைத் தொடர்ந்து வளர்த்தெடுத்தது. 1980களில் இந்தியாவில் அது கொலஸ்டிரால் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2003இல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது குக்குலு எடுத்தவர்களின் எல்.டி.எல். 4, 5 சதவீதம் கூடியிருந்தது. வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 5 சதவீதம் குறைந்திருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது.

இதைச் சொல்வது குக்குலுவை இழிவுபடுத்த அல்ல. புரோபுகாலுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்தது. மேற்கின் மருந்தைத் தள்ள முயல் புல் தின்கிறது என்றும், நம் மருந்தை ஏற்க முயலில் நிரூபணமாகியது என்றும் ஒரே வாயால் சொல்ல முடியாது. மரபு தன் நிரூபணத்துக்கு முயல் கூண்டின் முன் வந்து நின்ற அந்தக் கணத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. வேறொரு சமயம்.

6

அப்படியானால் நாம் எதை நம்புவது? முயலை அல்ல. முயல் கிளப்பிய கேள்விக்கு மனிதர்களிடம் கிடைத்த பதிலை. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் ஏற்கெனவே இதயநோய் இருந்த 4444 பேர். சரிபாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், மற்றவர்க்குப் போலி மாத்திரை. ஐந்தரை வருடங்களில் போலி மாத்திரைக்காரர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்துண்டவர்களில் 182. அதாவது நூற்றுக்கு 12 என்பது 8 ஆயிற்று. 2006இல் டல்லாஸைச் சேர்ந்த கோஹன், ஹாப்ஸ் குழுவினரின் ஆய்வு இன்னும் முக்கியமானது. மருந்தே இல்லாமல், ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலிருந்தே எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின மக்களுக்கு இதயநோய் 88 சதவீதம் குறைவாக வந்தது. இங்கே முயலும் இல்லை, கம்பெனி மாத்திரையும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குறைவாக இருப்பதும் அறுபதில் குறைக்கத் தொடங்குவதும் ஒன்றல்ல என்பதையும் இந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

நூற்றில் நான்கு என்பதை நான் பெரிதாக்கவும் விரும்பவில்லை, சிறிதாக்கவும் விரும்பவில்லை. மற்ற தொண்ணூற்றாறு பேருக்கு அந்த ஐந்தரை வருடங்களில் உயிர் விஷயத்தில் வித்தியாசமில்லை. சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். இதுவரை இதயநோய் இல்லாத எனக்கு அந்த நான்கு இன்னும் குறையும். ஆகவே யோசித்து முடிவெடுக்க எனக்கு இடமிருக்கிறது. ஸ்டென்ட் வைத்த நண்பர் அந்த ஸ்காண்டிநேவியப் பட்டியலில் இருப்பவர்களின் ஜாதி. அவருக்கு இடம் குறைவு.

இந்த ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். சோதனை முடிவில் விலங்குகள் 'கொல்லப்பட்டன' என்று பல அறிக்கைகள் எழுதுவதில்லை. 'பலியிடப்பட்டன' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லையே எழுதுகின்றன. முன்பென்றால் இந்த ஒரு சொல்லை வைத்தே முழுக்கட்டுரை எழுதியிருப்பேன். இப்போதும் அந்தச் சொல் உறுத்துகிறது. பலி கொடுத்தாயிற்று என்றால் அது என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று கவனமாகக் கேட்பதாவது பாக்கியிருக்கிறது. முயல் சொன்னதற்கு மேல் அதன் வாயில் வார்த்தைகளைத் திணிப்பதும், சொன்னதையே கேட்க மறுப்பதும் இரண்டுமே அந்தக் கடனைத் தீர்க்காமல் ஓடுவதுதான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, முயலை விடு. நீ மாத்திரை போடறியா?" என்றார். "போடறதா வேண்டாமான்னு டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். நீ போடணும்" என்றேன். "அதெப்படி?" என்று கேட்டார். நூற்றுக்குப் பன்னிரண்டு, நூற்றுக்கு எட்டு என்று டீக்கடைப் பெஞ்சில் இருந்த செய்தித்தாளின் ஓரத்தில் மறுபடி எழுதிக் காட்டினேன். அந்த ஓரத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போன வாரம் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை.